லண்டன் கோடீஸ்வரருக்கு மொன்றியலில் ஒரு பேச்சாளர்

அடுத்தவரின் செல்வத்தைத் தன் வாயில் வைத்துக் காக்கும் மனிதர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். மொன்றியலில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவருடைய பெயர் குலேந்திரன்.

லண்டனில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் மதிசுதன் என்ற பெரும் பணக்காரர் இவருக்குத் தாய்வழியில் ஏதோ உறவு. என்ன உறவென்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் மதிசுதன் வாங்கிய ஏரிக்கரை வீடு, நல்ல விலைக்கு விற்ற கம்பனி, பிரிந்துபோன மனைவி, விடியக் குடிக்கும் பச்சைச் சாறு, அந்தச் சாறு ஒத்துக்கொள்ளாத வயிறு வரை எல்லாம் இவருக்கு மனப்பாடம். செத்தவீட்டில்கூட, "இதுக்கும் ஒரு போன் அப் செய்யலாமெண்டு மதி சொன்னவன்" என்பார். யாரிடம் சொன்னவன்? அதை மட்டும் கேட்கக்கூடாது.

கேட்காமல் நம்பியவள் ஜெயனி. நகரின் மேற்கே இருக்கும் ரொக்ஸ்பரோக்காரி. பிள்ளையைப் பகலில் விடுவதற்குக் கார்டெரி என்ற காப்பகம் தேடி அலையும் தாய்மாருக்கு, எங்கே இடம் காலியாகிறதென்று சொல்லும் செயலி ஒன்றை, இருந்த வேலையையும் விட்டுவிட்டு உருவாக்கிக்கொண்டிருந்தாள். முதல் போட ஆளில்லை.

"அங்கிள், அவரிட்ட என்னைப் பற்றி ஒருக்காக் கதைப்பீங்களே?"

"கதைக்கிறதோ? நான் சொன்னா முடிஞ்சுது, பிள்ளை!"

அந்த வார்த்தையை நம்பி அவள் வேறெவரிடமும் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் குலேந்திரனிடம் ஒரு சாட்டு இருந்தது. "மதி ஜப்பானில நிக்கிறான்." "மதிக்கு முதுகு நோ." மதியின் முதுகு நோவில் ஜெயனியின் சேமிப்புக் கரைந்தது.

பிறகு மதிசுதன் உண்மையாகவே ஒரு மாநாட்டில் பேச மொன்றியலுக்கு வந்துவிட்டார். குலேந்திரனுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். ஜெயனி விடவில்லை. கோட்டை மாட்டி, மெற்றோவில் ஏற்றி, இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டப வாசலில் மதிசுதனைக் கண்டதும் குலேந்திரன் முன்னே போய், "தம்பி, நான் குலேந்திரன். உங்கட அம்மாவின்ர..." என்று தொடங்கினார்.

மதிசுதன் மரியாதையாகக் கை கொடுத்தார். "சொறி அங்கிள், நீங்கள் ஆரெண்டு தெரியேல்லை."

குலேந்திரனின் முகம் செத்துப்போனது. ஜெயனிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் எதிரே நிற்பவர் கோடீஸ்வரர் அல்லவா? கோபத்தைப் பேந்து பார்த்துக்கொள்ளலாமென்று போனை நீட்டினாள்.

"கொஞ்ச நேரம் தாங்கோ. இது கார்டெரி தேடுற அம்மாமாருக்கு."

பார்த்தார். பிழை சொன்னார். அவள் மறுத்துப் பேசினாள். திரும்பவும் பார்த்தார்.

"நாளைக்குக் காலமை ஹோட்டலுக்கு வாங்கோ."

திரும்பும் வழியில் குலேந்திரன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மெற்றோவிலிருந்து இறங்கும்போது, "பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை" என்றார். அவளும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, என்னைத் தவிர.

இன்று ஜெயனியின் செயலியில் மதிசுதனின் பணம் இருக்கிறது. குலேந்திரன் மதியின் கதையை அடியோடு விட்டுவிட்டார். "ஜெயனியோ? நான் தூக்கிவிட்ட பிள்ளையல்லோ!" என்கிறார். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசித்த கையோடு யாருக்காவது போன் எடுத்து, "உந்த ஜெயனியை எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்ல உங்கள் நாக்குத் துடிக்கிறதே, அதை முதலில் கவனியுங்கள்.