தலைவர் தாமே தலை வாரிய நாள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் போற்றத்தக்கது, குழாய்த் தொழிற்சாலையின் தலைவர் ஸ்பானிஷ் கற்கத் திருவுளம் கொண்ட நாள்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். தலைவர் அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே 'உரையாடுவார்' என்று சுற்றறிக்கை போயிற்று.

ஆசிரியை ஒருவர் அமர்த்தப்பட்டார். தலைவர் தேர்வில் தேறினால் எல்லாக் கிளைகளிலும் ஆசிரியையே பாடம் எடுப்பார். தேறாவிட்டால் அன்றோடு வேலை காலி. பழைய பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர்; திரும்பிப் போக இடமில்லை. ஆனால் பலகை முன்னால் நின்றுவிட்டால் அவருக்கு எல்லாக் கவலையும் பறந்துவிடும்.

"'லாவோ'ன்னா கழுவுறேன். தட்டைக் கழுவலாம், காரைக் கழுவலாம். முன்னாடி ஒரு 'மே' போட்டா, 'மே லாவோ', என்னை நானே கழுவிக்கிறேன். நம்ம கழுவு, கழுவிக்கோ இருக்கே, அதே மாதிரிதான் சார்!"

தலைவர் ஆழ்ந்து சிந்தித்தார். "இந்த 'என்னை நானே' வேற எதுக்கெல்லாம் வரும்?"

"எழுந்துக்கிறது, உடுத்திக்கிறது, தலை வாரிக்கிறது..."

"கொஞ்சம் நடைமுறைக்கு ஒத்து வர்ற உதாரணமா குடுங்கம்மா."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவரை எழுப்புவது மனைவி. சட்டைப் பொத்தான் மாட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் உதவியாளர். பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதுதானே நல்ல நிர்வாகம்!

"செஞ்சு பாத்தா சட்டுன்னு புரியும் சார்," என்றார் ஆசிரியை. "தேர்வன்னிக்கு நீங்களே தலை வாரிக்கிட்டு, 'மே பெய்னோ'ன்னு சொல்லுங்க. பாஸ்!"

உடனே 'தாமே செய்தல் ஒருங்கிணைப்புக் குழு' அமைக்கப்பட்டது. கண்ணாடியை யார் பிடிப்பது என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்தது. கடைசியில் ஒரு மகத்தான தீர்வு கண்டார்கள்: உதவியாளர் சீப்பை அசையாமல் பிடித்துக்கொள்வார், தலைவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

தேர்வில் அப்படியே நடந்தது. தலைவர் தலையை முன்னும் பின்னும் ஆட்டி, "மே பெய்னோ!" என்று முழங்கினார். குழு கைதட்டியது.

ஆசிரியை தயங்கினார். "சார், சீப்பு அவர் கையில இருக்கே. அப்போ அது 'மே பெய்னா'. அவர் உங்களுக்கு வாரி விடுறார்."

"டீச்சர், எனக்குக் கை மரத்துப் போச்சு," என்று கிசுகிசுத்தார் உதவியாளர். "ஒரு எழுத்துதானே? பாஸ்னு போட்டுட்டுப் போங்களேன்."

"யார் செய்யுறாங்கங்கிறதுதாங்க மொத்தப் பாடமே. சார், சீப்பை நீங்க வாங்கிக்குங்க. ஒரே ஒரு தடவை. வந்துடும்."

தலைவர் சீப்பைப் பார்த்தார். ஆசிரியையைப் பார்த்தார். பிறகு உதவியாளர் காதில் ஏதோ சொன்னார்.

சற்று நேரத்தில் ஆசிரியையின் பணிநீக்க உத்தரவு தட்டச்சாகி வந்தது. உதவியாளர் பேனாவைத் திறந்து நீட்டப் போனார். தலைவர் கையமர்த்தினார். மேசையிலிருந்த பேனாவைத் தாமே எடுத்தார், தாமே திறந்தார், தாமே கையெழுத்திட்டார், மை காயத் தாமே ஊதியும் விட்டார்.

எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியை, நேர்மையானவர் என்பதால், மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு எழுந்தார்.