ஒரு விளம்பை என்பது எவ்வளவு நேரம்?

வானமே இடிந்து விழுந்தாலும் சரி, இன்றைக்கு ஆறு மணிக்குள் மனைவியை வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவது என்று வேங்கை தீர்மானம் செய்துவிட்டார்.

வேங்கை என்றதும் பயந்துவிடாதீர்கள். அது புனைபெயர். முழுசாகச் சொன்னால் 'விண்வெளி வேங்கை'. ஆள் ஒல்லி. பிழைப்பு எடைக்கல் சோதனை ஆபீஸில். கடை கடையாக ஏறித் தராசைத் தூக்கிப் பார்ப்பார், படிக்கல்லைத் திருப்பிப் பார்ப்பார், சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். ஒரு குன்றிமணி குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும், மின்விசிறியைப் போடுவதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுகிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு வாரப் பத்திரிகைக்கு விண்வெளித் தொடர்கதை எழுதிவந்தார். அதில் ஒரு கேப்டன். பெண்டாட்டியைச் சொந்தக் கிரகத்திலேயே விட்டுவிட்டு, பச்சைக்கண் ராணி ஆளுகிற தூரத்துக் கிரகத்துக்குத் தன்னந்தனியாக ராக்கெட்டில் போகிறவர். யாருக்கும் பயப்படாதவர். எவரிடமும் எதற்கும் அனுமதி கேட்காதவர். இப்படி ஒரு கேப்டன் அவருக்கு ஏன் தேவைப்பட்டார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிரபஞ்சத்தில் நம்முடைய கிலோவும் மணியும் செல்லாது. எடைக்குப் பூதன், சூட்டுக்கு உக்கிரை, நேரத்துக்கு விளம்பை. வாசகர்கள் வாயைப் பிளந்தார்கள். இதெல்லாம் எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று கேட்டால் வேங்கை மர்மமாகச் சிரிப்பார். வந்தது சமையலறைப் பக்கமிருந்துதான். ஒரு பூதன் என்பது மச்சினன் உட்கார்ந்து நாற்காலி முனகிய எடை. ஒரு உக்கிரை என்பது, முன்கூட்டிச் சொல்லாமல் சிநேகிதனைச் சாப்பிட அழைத்துவந்தால் மனைவி முகத்தில் ஏறுகிற சூடு. ஒரு விளம்பை என்பது, "இதோ, அஞ்சே நிமிஷம், கிளம்பிட்டேன்" என்று அவள் அறைக் கதவைச் சாத்துவதிலிருந்து, அதே கதவு திறக்கிற வரைக்கும் ஆகிற நேரம்.

தொழில் தெரிந்த மனுஷன் யோசிக்காமல் செய்யவில்லை. ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூலக்கல் இருக்கிறது. ஊரிலுள்ள அத்தனை கல்லையும் அதோடு வைத்துத்தான் சோதிப்பார்கள். மூல அளவு என்றால் அது மாறக்கூடாது. தன் வாழ்க்கையில் மாறாத ஒன்று எது என்று அலசிப் பார்த்ததில், அவள் கிளம்புகிற நேரம் ஒன்றுதான் அவருக்குத் தட்டுப்பட்டது. வாராவாரம் சுவர்க் கடிகாரத்தின் கீழ் நின்று அளப்பார், உடனே போய் எழுதுவார். அங்கேதான் வந்தது வினை.

ஒரு கணக்கு வாத்தியார் பத்திரிகை ஆபீஸுக்கே நேரில் வந்து சண்டை போட்டுவிட்டார். முதல் அத்தியாயத்தில் ஒரு விளம்பைக்குள் கேப்டன் ஒரு டீ குடித்து முடிக்கிறார். பதினோராம் அத்தியாயத்தில் அதே ஒரு விளம்பைக்குள் குளித்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, எழுந்து எஞ்சினையும் கழற்றி மாட்டிவிடுகிறார். அப்படியானால் கிளம்பும்போது பழைய விளம்பைக் கணக்கில் சிலிண்டரில் அடைத்த காற்று எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். "செத்துப்போன ஆள் எப்படி சார் ராணிக்குப் பூ கொடுக்கிறான்?" என்று மேஜையைக் குத்திக் கேட்டாராம்.

பத்திரிகை ஆசிரியர் போனில் சுருக்கமாகப் பேசினார். "ஆறு மணிக்கு உன் வீட்டுக்கு வர்றேன்யா. ஒரு விளம்பைன்னா எவ்வளவுன்னு எனக்கு நீ நிரூபிக்கணும். இல்லன்னா அடுத்த வாரமே ராக்கெட் வெடிக்குது. அந்தப் பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டுக்கறேன்."

வேங்கை போனை வைத்தார். கேப்டன் போய்விட்டால் அவரிடம் மிச்சமிருப்பது படிக்கல்லும் முத்திரையும்தான். வாரத்தில் ஒரு நாளாவது ஆண்பிள்ளையாக வாழ்ந்துகொண்டிருந்தார். அதுவும் போய்விடும்.

திட்டம் இதுதான். மனைவியை சினிமாவுக்கு அனுப்புவது. அவள் கிளம்பும்போது ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ஸ்டாப் வாட்சில் கடைசியாக ஒரு தடவை சுத்தமாக அளந்துகொள்வது. அவள் தெருமுனை தாண்டியதும் ஆசிரியர் வருவார். அவரிடம் நேரத்தைச் சொல்லலாம், அது யாருடைய நேரம் என்பதைச் சொல்ல வேண்டாம்.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். 'சற்றுத் தாமதமாக வந்து சேரும்' என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லிச் சொல்லி, எந்த அவசரத்துக்கும் அசையாத ஒரு குரல் அவளுக்கு வாய்த்திருந்தது.

"உங்க அக்காவும் நீயும் போறதுக்கு சினிமா டிக்கெட் எடுத்திருக்கேன். ஆறு மணி ஆட்டம்."

"நீங்களா? டிக்கெட்டா?" அவள் அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "சுடலையே."

"ஏன், நான் எடுக்கக்கூடாதா?"

"எடுக்கலாமே. போன தடவை நீங்க எடுத்தப்ப நமக்குக் கல்யாணமே ஆகல. அதான் கேட்டேன்."

"சரி சரி, சீக்கிரம் கிளம்பு. நேரமாகுது."

"இதோ, அஞ்சே நிமிஷம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். வேங்கை சட்டைப் பையில் கைவிட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினார். மணி ஐந்து.

ஐந்தேகால். உள்ளே பீரோ திறக்கிற சத்தம். பரவாயில்லை. ஐந்தரை. வளையல் சத்தம். சரி, முடியப் போகிறது. ஐந்தே முக்கால். சத்தமே இல்லை. வேங்கை கதவில் காதை வைத்தார். மூச்சுவிடுகிற ஓசைகூட வரவில்லை.

"ஆச்சாம்மா?"

"இதோ ஆச்சு."

"உங்க அக்கா தியேட்டர் வாசல்ல காத்துக்கிட்டிருப்பாங்க, பாவம்!"

"காத்திருக்கட்டும். அக்கா வீட்டுக்காரர் எங்க அக்காவுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கார்!"

மணி ஆறு அடித்தது. வாசல் மணியும் அடித்தது. குடையை உதறிக்கொண்டு ஆசிரியர் உள்ளே வந்தார். பருமனான மனிதர். சோபாவில் உட்கார்ந்ததும் அது கிட்டத்தட்ட ஒரு பூதனுக்குத் தாழ்ந்தது.

"ம், சொல்லுய்யா. ஒரு விளம்பைன்னா எவ்வளவு?"

"மெதுவா பேசுங்க சார்."

"ஏன்?"

"உள்ள... ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

ஆசிரியர் மூடிய கதவைப் பார்த்தார். வேங்கையின் சட்டைப்பை 'டிக் டிக்' என்றது. ஆசிரியர் அதையும் பார்த்தார்.

"என்ன ஆராய்ச்சி?"

"விளம்பைதான் சார். இப்ப ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. முடிஞ்சதும் சொல்லிடறேன்."

"எப்ப முடியும்?"

"அதுதான் சார் யாருக்கும் தெரியாது."

"யோவ், விளையாடறியா? நான் திரும்பிப் போய் அச்சுக்குக் கொடுக்கணும். வெடிக்கணுமா, வேண்டாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு!"

வேங்கை ஒரு டீ போட்டு வந்தார். பாதி டீ தட்டில்தான் இருந்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. ஆசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஆறேகால் ஆயிற்று. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வெடிச்சிடலாம்யா. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"சார், சார்! கொஞ்சம் பொறுங்க! சொல்லிடறேன்." வேங்கை கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஆசிரியரின் காதருகே குனிந்தார். "ஒரு விளம்பைன்னா... என் வீட்டுக்காரி கிளம்பற நேரம்."

கதவு திறந்தது.

மனைவி அறை வாசலில் நின்றாள். பட்டுப்புடவை, கைப்பை, செருப்புகூட மாட்டியாகிவிட்டது. வேங்கை தன்னையறியாமல் ஸ்டாப் வாட்சை நிறுத்தினார்.

"வாங்க சார்," என்றாள் ஆசிரியரிடம். "ரொம்ப நேரமா காக்க வெச்சுட்டேன். நான் கிளம்பி முக்கால் மணி நேரமாச்சு. கதவுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்."

"உட்கார்ந்திருந்தியா!" என்று அலறினார் வேங்கை. "எதுக்கு?"

"ஏங்க, நான் கதவைச் சாத்தினதும் நீங்க கடிகாரத்துக்குக் கீழ போய் நிக்கறீங்க. நான் வெளிய வந்ததும் ஓடிப்போய் எழுத உட்கார்றீங்க. தாமதத்தை அறிவிக்கிறதுதான் சார் எனக்கு வேலை. என்னையே ஒருத்தர் அளக்கிறார்னு எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துல பாவம்னு ஒழுங்காத்தான் கிளம்பினேன். அப்புறம் கதையில அந்தப் பச்சைக்கண் ராணி வந்தா."

வேங்கை ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டு ஒருத்தன் இன்னொருத்தியைப் பார்க்கப் போவான், அதுக்கு நான் அவசர அவசரமா சேலை கட்டிக் கொடுக்கணுமா? சீக்கிரம் போய்ச் சேரக்கூடாதுன்னு வாராவாரம் கொஞ்சம் கூடுதலா உட்கார ஆரம்பிச்சேன். பதினோராம் அத்தியாயத்துக்குக் காத்து தீர்ந்துடும்னு கணக்குப் போட்டிருந்தேன் சார். இவர்தான் கவனிக்காம ராணிகிட்ட கொண்டுபோய்ச் சேர்த்துட்டார்."

"அடிப்பாவி! என் கேப்டனைக் கொன்னுட்டியே!"

"கொல்லலையே. தாமதப்படுத்தினேன். வருந்துகிறேன்," என்றாள் அவள், ரயில் நிலையத்துக் குரலில்.

ஆசிரியர் குடையை மறுபடி கீழே வைத்தார். சோபாவில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் வந்திருந்த ஆசை, குறுக்கெழுத்தைப் பற்றியதாகத் தெரியவில்லை.

"அம்மா, வாத்தியாருக்கு ஒரு பதில் வேணுமே. காத்து தீர்ந்தப்புறம் அவன் எப்படிப் பிழைச்சான்?"

"பொண்டாட்டி, சீட்டுக்கு அடியில ரகசியமா இன்னொரு சிலிண்டர் வெச்சு அனுப்பியிருந்தா சார். தன் புருஷன் எவ்வளவு தூரம் வழி தவறுவான்னு கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?"

"ஆகா! அப்ப விளம்பை நீண்டுக்கிட்டே போனதுக்கு?"

"அது போற திசையைப் பொறுத்தது. வீட்டைப் பார்த்து வந்தா சுருங்கும். வேற எங்க போனாலும் நீளும்."

ஆசிரியர் தொடையில் ஓங்கித் தட்டினார். "காலம் திசையைப் பொறுத்து மாறும்! இதுதான்யா விஞ்ஞானம்! வாத்தியார் வாயே திறக்க முடியாது. வேங்கை, அடுத்த வாரம் கேப்டன் ராக்கெட்டை வீட்டுப் பக்கம் திருப்பறார். அளவுகள் முழுக்க ஒரு கட்டத்துல போட்டுடறேன். இனிமே எந்த அளவா இருந்தாலும் இவங்க பார்த்துச் சரின்னு சொன்னப்புறம்தான் அச்சுக்குப் போகும்."

முத்திரை குத்துகிறவருக்கே முத்திரை! வேங்கைக்கு ரத்தம் கொதித்தது. எத்தனையோ வருஷமாக வராத வீரம் அன்றைக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். சுட்டுவிரலைத் தூக்கினார்.

"முடியாது! கேப்டன் ஆம்பளை! வெச்ச காலைப் பின்னால எடுக்கமாட்டார்! ராக்கெட் வெடிச்சாலும் சரி, யார் தடுத்தாலும் சரி, அவர் ராணியோட கிரகத்துலதான் இருப்பார்! இது என் கதை! நான்தான் எழுதறேன்! திருப்பவே மாட்டேன்!"

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள். அருகில் வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்து முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெறுமனே பார்த்தாள், அவ்வளவுதான்.

"திருப்பிட்டேன்," என்றார் வேங்கை.

அவள் ஸ்டாப் வாட்சை ஆசிரியரிடம் நீட்டினாள். "பாருங்க சார். என் கண்ணு அவர்மேல பட்டதும் அழுத்தினேன், அவர் மனசு மாறினதும் நிறுத்தினேன். முள்ளு நகரவே இல்லை."

"அரசாங்க ஸ்டாப் வாட்ச் சார்," என்றார் வேங்கை ஈனக் குரலில். "தப்பா காட்டாது."

ஆசிரியர் பேனாவைத் திறந்தார். மனைவி கணவனைப் பார்த்து, "போய்ச் சட்டையை மாத்திக்கிட்டு வாங்க. அக்காவை அவங்க வீட்டுக்காரரோட போகச் சொல்லி உள்ள இருந்தே மெசேஜ் அனுப்பிட்டேன். நாம அடுத்த ஆட்டம் போறோம். எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"இதோ, அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே வேங்கை உள்ளே ஓடினார்.

அடுத்த வாரம் ராக்கெட் வெடிக்கவில்லை. கேப்டன் வீட்டை நோக்கித் திரும்பினார். பக்கத்தின் கீழே, கட்டம் கட்டி, அந்தப் பிரபஞ்சத்தின் அளவுகளையெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பூதன் இருந்தது, உக்கிரை இருந்தது, விளம்பை இருந்தது. ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கடைசி வரியை வேங்கை இரண்டு தடவை படித்தார்:

'பிரபஞ்சத்திலேயே மிகச் சிறிய கால அளவு: ஒரு வேங்கை.'