ஆர்டெய்ன் பாடம்

தையற்கடைக்காரர் அன்று ஒரு முடிவோடு வீட்டுக்குள் நுழைந்தார். இங்கிலீஷ் படித்தே தீருவது. ஐம்பது வயதில் என்ன திடீர் ஆசை என்று கேட்பீர்கள். இங்கிலீஷ் மேல் அவருக்குக் கடுகளவும் ஆசை கிடையாது. ஆசையெல்லாம் மனைவி மேல்தான்.

முன்பெல்லாம் கடை மூடி வந்து அவர் நாற்காலியில் சாய்ந்தால், அவள் பின்னால் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே அவர் தலைமுடியில் ஒட்டிய நூல்துணுக்குகளைப் பொறுக்கிப் போடுவாள். மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் பணம் கட்டியதிலிருந்து சாயங்காலமெல்லாம் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். மனுஷன் நூலோடேயே தூங்கப் போகிறார். அந்த விரல்களுக்காக ஏங்கி ஏங்கி, கடையில் ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டார்.

மாணவனாகப் போய் உட்கார்ந்தார். அவள் படித்துக்கொண்டிருந்த சொல் ஆர்டெய்ன்.

"ஒருத்தரைப் பாதிரியாரா நியமிக்கிறதுங்க. பெரியவங்க தலையில கை வெச்சு, இன்னிலேர்ந்து இது உன் வேலைன்னு ஒப்படைப்பாங்க."

"எப்படி கை வைப்பாங்க?"

வைத்துக் காட்டினாள். அவருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

அதோடு அவருக்கு மறதி நோய் பிடித்தது. மறுநாள், "இன்னிக்கு ஒரு பட்டனை ஆர்டெய்ன் பண்ணேன்" என்றார். பட்டனுக்கெல்லாம் அந்தச் சொல் ஆகாது என்று பொறுமையாக விளக்கி, மறுபடியும் கை வைத்துக் காட்டினாள். அடுத்த நாள் இஸ்திரிப் பெட்டியை ஆர்டெய்ன் பண்ணினார். அந்த வாரம் முழுக்க ஒரே பாடம். உலகத்திலேயே சந்தோஷமான மக்கு அவர்தான்.

ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். இரண்டு கைகளையும் அவர் தலையில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னிலேர்ந்து இந்த வீட்டுச் சமையல், பாத்திரம் எல்லாம் உங்க பொறுப்பு. சம்மதமா?"

அந்தக் கைக்காக அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார். ஆட்டினார்.

"பரீட்சை வரைக்கும்தானே?"

"ஆயுசுக்கும். அதான் இந்தச் சொல்லோட வழக்கம்."

போகட்டும், கை இருக்கிறதே என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். "அப்போ நாளைக்கும் பாடம் உண்டுல்ல?"

அவள் அவர் தலையிலிருந்து ஒரே ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"உங்களுக்கு முதல் நாளே புரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். ஒரு பதவிக்கு ஒரு தடவைதாங்க கை வைப்பாங்க. போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க."