முப்பதாம் தேதிவரை எழுதிய மனு

யாரிடமும் கையேந்துவதில்லை என்று சாலமோன் அறிவித்தபோது, அவர் மனைவி அற்புதமேரி மத்தி மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். அதனால் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பில் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

“கல்வி உரிமை. உரிமையைப் போராடி வாங்கணும். உதவித்தொகைன்னு விண்ணப்பம் போட்டு வாங்கினா அது பிச்சை!”

“வாசல்லயா? சில்லறை இல்லன்னு சொல்லுங்க.”

சாலமோன் ஒரு காலத்தில் ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் சங்கச் செயலாளர். நாற்பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியவர். ஐம்பதாம் நாள் எல்லாரும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். அவர் போடவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் லாரி நம்பர் குறித்துவைக்கும் வேலை. முந்நூறு பேர் இருந்த சங்கத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர்: மகள் ஜோவிதா.

ஜோவிதா பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரி. வேதியியல். கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அங்கே ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் முந்தி விண்ணப்பித்தவருக்கே முந்தி. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆன்லைனில் விண்ணப்பத்தைத் திறப்பார்கள். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சாலமோனின் எதிர்ப்புக்கும் கொள்கைக்கும் தூரத்துச் சொந்தம்தான். திருச்சி என்றால் விடுதி. விடுதி என்றால் சாயங்காலம் வீட்டில் ஜோவிதா இருக்கமாட்டாள். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஓடவில்லையா? அங்கே வேதியியல் வேறு மாதிரியா வேலை செய்யும்? இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே ஏகாதிபத்தியத்தை இழுத்தார்.

மூன்று நாள் குழம்பில் உப்பில்லை. நான்காம் நாள் உத்தியை மாற்றினார். அந்த உத்தியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது, வேறு யார், நிர்வாகம்தான். மறுக்காதே. பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே இரு. எதிராளி தானாகக் களைத்துப்போவான்.

“சரி, போடலாம். ஆனா கூடவே ஒரு மனு வைக்கணும். அதை நான்தான் எழுதுவேன்.”

“எழுதுங்க. உங்கள விட்டா இந்த ஜில்லாவுலயே யாரு கீறாங்க?”

அத்தனை சுலபமாக அற்புதமேரி ஒத்துக்கொண்டபோதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவளிடமிருந்து பாராட்டு வந்து எட்டு வருஷமாகியிருந்தது.

மனு வளர்ந்தது. முதல் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கல்வியில் தொடங்கியது. ஆறாம் பக்கத்தில் சுதந்திரம் வந்தது. ஒன்பதாம் பக்கம்வரை ஜோவிதா பிறக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஜோவிதா சிவப்புப் பேனாவோடு எதிரில் வந்து உட்காருவாள்.

“அப்பா, ஏகபோகம் மூணு தடவ வருது.”

“நாலு போட்டிருந்தேனே. நாலாவது எங்க?”

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் இன்னொரு பத்தி சேர்ப்பார். மறுநாள் அவள் அதை அடிப்பாள். இப்படியே ஆயுள் முழுக்க அவள் அடித்துக்கொண்டும் அவர் எழுதிக்கொண்டும் இருந்தால் எந்த அறக்கட்டளைக்கு என்ன நஷ்டம்?

பக்கத்துப் போர்ஷனில் செல்லக்கனி. தென்காசிப் பக்கம். செல்போன் கம்பெனியில் இரவு ஷிப்ட்.

“என்ன அண்ணாச்சி, இன்னுமா எழுதுதிய? எங்க லைன்ல இந்நேரம் ஆயிரம் போன் இறங்கிருக்குமே!”

“இது தரமான உற்பத்திம்மா.”

ஏப்ரல் முப்பது வந்தது. “ஆன்லைன் சென்டர்ல குடுத்து அனுப்பிட்டு வரேன்” என்று பதினான்கு பக்கத்தையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். அனுப்பவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஆகட்டும். ‘சர்வர் படுத்துடுச்சி’ என்று சொல்லிவிடலாம். நாட்டில் படுக்காத சர்வர் உண்டா?

மூன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கின. ஒன்று சிக்னலில் நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு, கண்ணாடியில் சாய்ந்த நெற்றி, லேசாகத் திறந்த வாய். செத்த தூக்கம். பத்தொன்பது வயது இருக்கும்.

இப்படிப் பல்லாயிரம் பேரை அவர் பார்த்திருக்கிறார். துண்டறிக்கையில் அவர்களுக்கு ‘உழைக்கும் மகளிர்’ என்று பெயர். இன்றுதான் அதில் ஒருத்திக்கு முகம் தெரிந்தது. எந்த ஊர்ப் பெண்ணோ. எந்த அப்பன், எந்த விண்ணப்பத்தை, எந்தத் தேதிவரை எழுதிக்கொண்டிருந்தானோ.

சிக்னல் விழுந்தது. பஸ் போய்விட்டது. டீ அப்படியே இருந்தது. சாலமோன் அங்கே இல்லை.

அனுப்பும் எண்ணமே இல்லாததால் சான்றிதழ்களை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். ஷேர் ஆட்டோ பிடித்தார். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வந்த வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஞானஸ்நானம் பெற்ற சாலமோன் வாழ்க்கையில் முதல்முறையாக முருகனிடம் வழி கேட்டார். முருகன் யோசித்தார். இவர் இறங்கி ஓடினார். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஐந்துக்குப் பத்து. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.

அற்புதமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்லக்கனி, தலை வாரிக்கொண்டு.

“அனுப்பு! இப்பவே அனுப்பு! பத்து நிமிஷம் இருக்கு!”

“இன்னாத்த?”

“விண்ணப்பத்த! நான் அனுப்பல. தப்பு என்னுதுதான். அப்புறம் திட்டு, முதல்ல அனுப்பு!”

“ஒண்ணாந்தேதி காலைலயே போட்டாச்சே,” என்றாள் அற்புதமேரி. “போன வாரம் பதிலும் வந்துடுச்சி. பாஸானா போதும், இடம் கீது.”

சாலமோன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

“எப்படி? என் போனுக்குத்தானே ரகசிய எண் வரும்?”

“வந்துது. நீங்கதான் படிச்சி சொன்னீங்க.”

“நானா?”

“கேஸ்காரன் நம்பர் கேக்கறான்னேன். மேடையில பேசற மாதிரி ஒவ்வொண்ணா கணீர்னு சொன்னீங்க. நாலு தடவ.”

“அஞ்சு, மதினி,” என்றாள் செல்லக்கனி. “வருமானச் சான்றுக்கு ஒண்ணு வாங்குனோம்லா.”

ஒரே மாதத்தில் வீட்டுக்கு ஐந்து சிலிண்டர் வந்திருக்கிறது. விலைவாசி உயர்வைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கியவருக்கு அது தெரியவில்லை.

“அப்ப என் மனு?”

“அத எழுதிக்கினு இருந்ததாலதான் நீங்க குறுக்க வரல. இல்லனா அந்த டிரஸ்டுக்கே போன் போட்டு ஏகபோகம்னு சண்ட வலிச்சிருப்பீங்க.”

“ஜோவிதாவுக்குத் தெரியுமா?”

“அவதான டைப் அடிச்சா?”

“பின்னே எதுக்கு தினமும் உக்காந்து என் மனுவைத் திருத்தினா?”

முறம் நின்றது. அற்புதமேரி அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போறதுக்குள்ள அப்பா கூட எத்தினி சாயங்காலம் கெடைக்குதோ கெடைக்கட்டும்மான்னா. நான் இன்னா சொல்றது?”

செல்லக்கனி சீப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போனாள். சாலமோன் தரையில் உட்கார்ந்தார். கையில் இருந்த செருப்பைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. உள்ளே ஜோவிதா ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. ஜூனில் கல்லூரி. இன்னும் ஒரு மாதம்தான்.

“யாரு கொண்டுபோய் விடறது?”

“நீங்கதான். நான் வந்தா ஆஸ்டல் வாசல்ல அழுது கூட்டம் கூட்டிடுவேன்.”

சாலமோனுக்கு உயிர் திரும்பியது. அறையைப் பார்க்கலாம். ஜன்னல் சரியாக மூடுகிறதா, விசிறி ஓடுகிறதா, பக்கத்துக் கட்டில் பெண் எப்படி என்று பார்க்கலாம். பெட்டியை வைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது அவளோடு உட்காரலாம்.

“அப்ப நானே ரூம் வரைக்கும் போயி...”

“லேடீஸ் ஆஸ்டலுங்க அது. அப்பாங்கள கேட்டாண்டயே நிறுத்திடுவாங்களாம்,” என்று அற்புதமேரி மறுபடி முறத்தைத் தூக்கினாள். “அதான் உங்கள அனுப்பறேன். கேட்டுக்கு வெளியில நிக்கறதுல இருவது வருச சர்வீஸ் கீதே உங்களுக்கு!”