கொக்கிஸ் நிரம்பிய சீனக் கோப்பை

எப்படியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கியே தீருவது என்று சுவக்கின் சபதம் எடுத்தபோது, குண்டசாலை பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தார். மற்றக் கால் யாருடைய மரக்கறிப் பைக்குள்ளோ இருந்தது. வயது ஐம்பத்தெட்டு. கண்டி டவுனில் புத்தகக் கடை வேலை. முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டன.

கையில் காசு கிடையாது. ஆனால் அலுமாரியில் ஒரு பச்சைக் கோப்பை இருந்தது. மனைவி யோசப்பினுக்கு அவள் அம்மா கொடுத்தது. அம்மாவுக்கு, அவர் சமையல் பார்த்த தோட்டத்துப் பங்களாவின் துரைசாணி சீமைக்குப் போகும்போது கொடுத்தது. இரண்டு சுண்டு அரிசி கொள்ளும். உள்ளே சுற்றிவரத் தாமரை இதழ் செதுக்கி, மேலே குளத்துத் தண்ணீர் நிறத்தில் மெருகு. பழஞ்சாமான் வியாபாரி மடவளை சாஹுல் ஹமீது ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், அதைக் கண்டு தேத்தண்ணி குடிக்கவே மறந்துபோனார்.

"சீனாச் சாமான். எரநூறு முந்நூறு வருசம் இரிக்கும். கொழும்புல ஒரு டொக்டர் இதுக்கே பைத்தியமா இரிக்காரு" என்றார் காதுக்குள்.

யோசப்பினிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்பதா! அவளுடைய உடைந்த தையல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டதற்கே மூன்று நாள் வெறும் பருப்புத் தின்ற மனிதர் அவர்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் திட்டம் அரங்கேறியது.

"ஹமீது நானா வீட்டுக்குக் நீ பொரிச்ச கொக்கிஸ் பலகாரம் கொஞ்சம் குடுத்துட்டு வரவா?"

"யாரு, நீங்களா?"

"நானேதான். நல்ல பாத்திரத்துல குடுத்தாத்தானே மரியாத. அந்தப் பச்சக் கோப்பைல போடட்டா?"

யோசப்பின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தாராளமா" என்றாள்.

இவ்வளவு சுலபமா! கோப்பையை மடவளையில் சேர்த்து, அந்தக் கொழும்பு டொக்டர் ராஜலிங்கத்தைச் சனிக்கிழமை அங்கேயே வரச்சொல்லிவிட்டு வந்தார். கைதவறி உடைந்துவிட்டது என்று பிறகு ஒரு பொய் சொன்னால் போதும்.

சனிக்கிழமை போனால், ஹமீது தலையில் கைவைத்து வாசலில் குந்தியிருந்தார். அவர் மனைவி அபீபாவைக் காணோம்.

"கோப்ப எங்க நானா?"

"அத ஏன் கேக்கிய! அடுத்தவங்கட கோப்பய இத்தன நாளு வெச்சிருப்பாங்களா, அதயும் வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா எண்டு அபீபா என்னய ஏசிட்டு, நெறய வட்டிலப்பம் வெச்சு ஒங்கட ஊட்டுக்கே கொண்டு போயிட்டா. டொக்டரும் பின்னாலயே போயிட்டாரு."

சுவக்கின் முச்சக்கரவண்டி பிடித்துப் பறந்தார். வீட்டு முன்னறையில் டொக்டர் வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தார். மேசை நடுவில் கோப்பை, கழுவித் துடைத்தபடி.

"ஓம் அம்மா, நீங்கள் சொன்ன விலையே சரி. ஹமீது சொன்னதிலும் ஒண்டரை மடங்குதான், பரவாயில்ல" என்றார் டொக்டர், காசோலையை நீட்டியபடி.

அவர் போனதும் சுவக்கின் ஈனக்குரலில் கேட்டார். "எல்லாம் தெரியுமா ஒனக்கு?"

"இருபத்தொம்பது வருசமா குடிச்ச கப்பக்கூடத் தூக்கி வைக்காத மனுசன், மடவளை வரைக்கும் கொக்கிஸ் சொமக்கிறாருன்னா? அன்னிக்கே அபீபா அக்காவுக்கு டெலிபோன் கோல் எடுத்து எல்லாத்தையும் கேட்டுட்டேன். கோப்பையயும் டொக்டரயும் இங்க அனுப்பச் சொன்னதே நான்தான்."

"மன்னிச்சிரு யோசப்பின். அம்மா குடுத்தது..."

"அம்மா குடுத்ததுதான். அதுக்காக ஒங்க மொழங்கால விடப் பெருசா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

சுவக்கினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடமா களவெடுக்கப் பார்த்தோம் என்று வெட்கம். இவள் நமக்குக் கிடைத்தாளே என்று நன்றி. மறுநாள் பூசையில் அரைவாசி நேரம் ஆண்டவருக்கு நன்றி சொன்னார், மீதி நேரம் பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னார்.

அடுத்த வாரமே நீல நிற ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. சுவக்கின் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் சீட்டைத் துடைத்தார். கண்ணாடியில் தலைவாரினார். சாவிக்குக் கையை நீட்டினார்.

யோசப்பின் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். கூடவே, தன் படம் போட்ட புத்தம்புது லைசன்ஸையும் எடுத்தாள்.

"மூணு மாசமா மாதர் சங்கத்துக்குன்னு எங்க போனேன்னு நெனச்சீங்க? ஹெல்மெட்ட மாட்டிட்டுப் பின்னால ஏறுங்க."