மாமா வீட்டுச் சிவப்புப் புள்ளி

மாமனாரிடம் வாங்கிக் கட்டிய மாப்பிள்ளைமார் கொழும்பில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் கல்யாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது, ஒரு வேன் நிறைய அரசாங்க உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போய் மாமனாரைத் தண்ணீர்க் கள்ளன் என்று நிரூபிக்கப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். (இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து தொடர்புகொள்ளவும். சங்கம் அமைக்கலாம்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு ஒரு சின்ன பிளாட்டில் இருந்தேன். தரவு விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் வாங்கிய புதுசு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சாப்பிடும்போதும் கழற்றாத காலம். தண்ணீர் விநியோகத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகம் தன் உத்தியோகத்தருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டது. தலைப்பு, ‘நீர்வள முகாமைத்துவத்தில் பெருந்தரவு.’ நன்றாகச் செய்தால் நிரந்தரமாக எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் கொஞ்சம் முந்தியே அவிழ்த்துவிட்டிருந்தேன்.

மாமா நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. (பார்த்ததே இரண்டு முறைதான்.) நிச்சயதார்த்தத்தன்று, “தண்ணிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று கேட்டார். அரை மணித்தியாலம் விளக்கினேன். முடிவில் “ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்குள் முள்ளாகவே கிடந்தது.

பயிற்சியின் முதல் நாள் பிழையில்லாமல் போனது. ஒரு வீட்டு மீட்டரின் ஒரு மாத எண்ணை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நகரத்து மீட்டர்கள் எல்லாம் வருடக்கணக்கில் காட்டிய எண்களை மழைவீழ்ச்சி, குழாய் அழுத்தம், நீர்த்தேக்க மட்டம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தால், எங்கே குழாய் உடைந்திருக்கிறது, எப்போது தட்டுப்பாடு வரும் என்று அது முன்கூட்டியே சொல்லும் என்று படிப்பித்தேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுப் பார்சல் வேலையைக் காட்டியது. வகுப்பில் பாதிப்பேர் கண்ணைத் திறந்தபடியே நித்திரை. அவர்களை எழுப்ப ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். அதன் பெயர் ‘கள்ளனைப் பிடி.’

அலுவலகம் தந்த தரவில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. வெறும் இலக்கங்கள். வழமைக்கு மாறாகத் தண்ணீர் பாவிக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். திரையில் நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

“பாருங்கோ! மூன்று மாதத்துக்கு முன் இந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. அன்றிலிருந்து பாவனை நான்கு மடங்கு. இது குடும்பம் பாவிக்கிற தண்ணீர் இல்லை” என்றேன்.

முன்வரிசையில் இருந்த மீட்டர் வாசிப்பாளர் ரிஸ்வி கையை உயர்த்தினார். கிராண்ட்பாஸ் பகுதிக்காரர், என் வயதுதான். “சேர், ஊட்டுக்கு ஆளுங்க வந்திருந்தா?”

“மூன்று மாசமாகவா?” என்று சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அந்த உற்சாகத்தில் ஒரு அறிக்கை தட்டச்சுச் செய்து, அச்செடுத்து, கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

குழுவுக்குப் பொறுப்பான பொறியியலாளர் நிலந்தி மிஸ் அறிக்கையை வாசித்துவிட்டு எழும்பினார். அலுவலகக் கணினியில் அந்த இலக்கத்துக்குரிய முகவரியைத் தேடி ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். “வேன் சும்மாதானே நிக்குது. யமு, போவம், நேரில பாப்பம்!” என்றார் பாதி சிங்களமும் பாதி தமிழுமாக.

முகவரி என்ன என்று நான் கேட்கவில்லை. விஞ்ஞானிக்கு முகவரி எதற்கு?

வேனில் முன் ஆசனத்தில் இருந்து, தரவு ஒருபோதும் பொய் சொல்லாது என்று சாரதிக்கு விளக்கிக்கொண்டே போனேன். வேன் மரைன் டிரைவ் பக்கத்தால் வந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பியது. நான் மாமா வீட்டுக்குப் போன இரண்டு முறையும் பெரிய தெருவான காலி வீதிப் பக்கத்தால் ஓட்டோவில் வந்தவன். அதனால் மாமா வீட்டு நீலக் கேற்றுக்கு முன்னால் வேன் நிற்கும்வரை எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

விளங்கியதும் நிலந்தி மிஸ் பக்கம் அவசரமாகத் திரும்பினேன்.

“மிஸ், ஒரு சாம்பிளை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறது விஞ்ஞானபூர்வமில்லை. திரும்புவம்” என்றேன்.

“இப்பதானே சேர் தரவு பொய் சொல்லாது எண்டு சொன்னது?” என்றார் அவர் இறங்கிக்கொண்டே.

பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பதின்மூன்றாவது ஆளாகிய நான் ரிஸ்வியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ரிஸ்வி மெலிந்த மனிதர். என்னில் பாதிதான் மறைந்தது.

கேற்றைத் திறந்த மாமி நேரே அந்த மற்றப் பாதியைத்தான் பார்த்தார். “ஐயோ, இது எங்கட மாப்பிள்ளையெல்லோ! ஒஃபிஸ் ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளுக்கு வாங்கோ, எல்லாரும் வாங்கோ!”

முற்றத்தில் கொடி நிறையத் துணி. இரண்டு வாளிகளில் ஊறப்போட்ட திரைச்சீலைகள். உள்ளே சலவை இயந்திரம் முக்கி முனகிக்கொண்டிருந்தது. விறாந்தையில் துவாயைத் தோளில் போட்டபடி நாலைந்து பேர் குளியலறைக்கு வரிசையில் நின்றார்கள். நிச்சயதார்த்தத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சொந்தங்கள், கல்யாணத்தையும் பார்த்துவிட்டே போகலாம் என்று தங்கிவிட்டார்களாம். மொத்தம் பதினான்கு பேர். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாரத்தை இறுக்கிக் கட்டியபடி மாமா வந்தார். நிலந்தி மிஸ் மரியாதையாக அறிக்கையை நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

“‘மூன்று மாதங்களுக்கு முன்னர் இவ்வீட்டில் சட்டவிரோத முயற்சியொன்று ஆரம்பிக்கப்பட்டுள்ளது. அனுமதியற்ற விடுதியாகவோ வாகனம் கழுவும் நிலையமாகவோ இருக்கலாம். நீர்த் திருட்டு எனச் சந்தேகிக்கப்படுகிறது.’”

கீழே இருந்த பெயரையும் வாசித்தார். பட்டத்தையும் விடவில்லை. சலவை இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து நின்றது. கதவடியில் சங்கவி, என்னைக் கட்டப்போகிறவள், வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூண்டு மாசத்துக்கு முந்தி இந்த வீட்டில தொடங்கின ஒரேயொரு முயற்சி,” என்றார் மாமா, “உங்கட கலியாணம்தான் தம்பி.”

வகுப்பு முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கியது.

“அப்பாவைக் கள்ளன் எண்டு எழுதினது நீங்களோ?” என்று கேட்டாள் சங்கவி. அவள் சிரிக்கவில்லை.

கணினி எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. “ஓம். நான்தான் எழுதினது. வந்து ஒரு வார்த்தை கேக்காமல் எழுதிப்போட்டன். பிழைதான் மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

மாமா அறிக்கையை நான்காக மடித்தார். “மன்னிக்கிறது பிறகு. குற்றச்சாட்டு எண்டு வந்தால் விசாரிக்க வேணும். என்ன செய்யிறது, சொல்லுங்கோ.”

வழி சொன்னவர் ரிஸ்வி. “எல்லா பைப்பையும் பூட்டுங்க. பூட்டின பொறகும் மீட்டர் முள்ளு சுத்தினா எங்கயோ தண்ணி போகுது. சுத்தாட்டி ஊடு சுத்தம்.”

மாமா கட்டளையிட்டார். வீடு முழுக்கப் பைப்புகள் பூட்டப்பட்டன. பன்னிரண்டு உத்தியோகத்தரும் விருந்தாளிகளும் கேற்றடியில் மீட்டரைச் சுற்றிக் குனிந்து நின்றோம். முள் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாமாவின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

திடீரென்று முள் விர்ரென்று சுற்றியது.

“ஆ!” என்றார் நிலந்தி மிஸ். மாமி நெஞ்சில் கையை வைத்தார். என் மனதுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் தலைதூக்கியதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது குளியலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சங்கவியின் பெரியப்பா, பருத்தித்துறைக்காரர். “கோவிக்காதேங்கோ! உடம்பெல்லாம் சவுக்காரம்! கண் எரியுது! ரெண்டு வாளிதான், உடன பூட்டிவிடுறன்!”

முதலில் சிரித்தது மாமா. கேற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தகப்பன் அப்படிச் சிரித்து அவளும் பார்த்ததில்லை போலும்; சங்கவி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தானும் சிரித்தாள். பெரியப்பா நன்றாகக் குளித்து முடித்தபின் சோதனையை மறுபடியும் செய்தோம். முள் செத்ததுபோல் கிடந்தது. வீடு குற்றமற்றது எனத் தீர்ப்பானது.

மாமி எல்லோருக்கும் பிளேன்ரீயும் வடையும் கொடுத்தார். புறப்படும்போது சங்கவி வேன் ஜன்னலடிக்கு வந்து, “இனி ஏதும் சந்தேகமெண்டால் எனக்கொரு கோல் எடுங்கோ” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நிரந்தர வேலையும் கிடைத்தது. நிலந்தி மிஸ் தன் மதிப்பீட்டில், ‘களப்பயணம் மிகவும் பயனுள்ளது, சிற்றுண்டி சிறப்பு’ என்று எழுதியிருந்தாராம். கல்யாணத்துக்கு அதே வேனில் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மணவறையில் ஐயர் நீர் வார்க்கச் சொன்னபோது, பின்னாலிருந்து யாரோ “அளந்து ஊத்துங்க சேர்” என்றது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. (அது ரிஸ்வியின் குரல் என்று நான் இன்றும் சந்தேகிக்கிறேன். ஆனால் அறிக்கை எதுவும் எழுதவில்லை.)

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. நான் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், “மருமகன் வாறார், பைப்பைப் பூட்டுங்கோ” என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். எல்லோரையும்விட மோசம் பெரியப்பாதான். பருத்தித்துறையில் அவர் வீட்டில் குளிப்பது சொந்தக் கிணற்றுத் தண்ணீரில். மீட்டரும் இல்லை, பில்லும் இல்லை. ஆனாலும் நான் வகுப்பெடுக்கும் நேரமாகப் பார்த்து, துவாயோடு கிணற்றடியில் நின்று வீடியோ கோல் எடுப்பார்.

“தம்பி, குளிக்கப் போறன். கம்ப்யூட்டரிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”