வார்னிஷ் விற்ற வாய் திறக்காத ராஜா

நிஜாம் ராஜ்யம் முழுவதிலும் பயம் என்றால் என்னவென்றே அறியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் வார்னிஷ். அவருடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

வார்னிஷ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. சிகந்தராபாத்தில் எங்கள் ரயில்வே பட்டறையில், வண்டிப் பெட்டிகளின் மேல் எழுத்து எழுதும் பெயிண்டர் அவர். இங்கிலீஷ், உருது, தெலுங்கு, மராத்தி என்று நான்கு எழுத்தும் முத்துமுத்தாக வரும். வேலூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழ் இலவசம். அவர் வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும்.

நான் அதே பட்டறையில் டோக்கன் ஆபீஸ் குமாஸ்தா. தொழிலாளிகள் காலையில் எடுத்துப்போகும் பித்தளை வில்லைகளை மாலையில் எண்ணி ஆணியில் மாட்டுவது என் உத்தியோகம். ஒன்று குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. எண்ணிப் பழகியதால் வீட்டில் இட்லியை எண்ணுவேன். கல்யாணத்துக்குப் போனால் பந்தக்கால்களை எண்ணுவேன். வார்னிஷ் என்னை ‘டோக்கன்’ என்றே கூப்பிடுவார்.

ஒருமுறை எங்கள் பட்டறைத் துரை பிரயாணம் செய்யும் சலூன் வண்டிக்குப் புது எழுத்துப் போடும்போது, ஒரு பெரிய எழுத்தின் வளைவுக்குள்ளே, காற்றில் பறக்கும் தொப்பியைத் துரத்திக்கொண்டு துரை ஓடுவதைப் போல் கட்டைவிரல் அளவில் ஒரு படம் வரைந்துவிட்டார். அந்த வண்டி துரையைச் சுமந்துகொண்டு வாடி ஜங்ஷன் வரை போய்த் திரும்பியது. யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

“இன்னாத்துக்கு டோக்கன் நடுங்கறே? தொப்பி அவரு தொப்பி மாதிரியே கீதா இல்லியா, அத்தச் சொல்லு” என்றார்.

வார்னிஷுக்குச் சண்டைப் படங்கள் என்றால் உயிர். முகமூடி, சவுக்கு, மாடியிலிருந்து குதிரை மேல் பாய்ச்சல், இவை இல்லாத படத்தை அவர் படம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். பார்த்துப் பார்த்துக் கடைசியில் தாமே ஒரு படக்கதை வரைந்தார். கட்டம் கட்டமாகச் சித்திரம். முகமூடிக்காரி ஒருத்தி ஒரு ராஜாவின் நகைப்பெட்டிகளைத் திருடி ஊருக்கெல்லாம் பங்கு போடுகிறாள். அந்த ராஜா ஒல்லி. கிழிந்த ஷெர்வானி, பழைய தொப்பி. பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. அதைப் பார்க்கிற நிஜாம் பிரஜைகளுக்கு யார் ஞாபகம் வரும் என்று நான் அன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டேன்.

“அண்ணே, இது யாருண்ணே?”

“நம்ம ஸ்டோர் கீப்பரு. ஒரு டப்பா பெயிண்டுக்கு என்னை எத்தினி தபா நடக்க வெச்சான்!”

“ஊர்ல எல்லாரும் ஸ்டோர் கீப்பரைப் பார்த்ததில்லையே அண்ணே!”

“அது அவங்க அதிர்ஷ்டம்.”

சார்மினார் பக்கத்தில் கல்லச்சுக்கூடம் வைத்திருந்த ஒரு கிழவர், வார்னிஷுக்குச் சிநேகிதர். யுத்த காலம், காகிதப் பஞ்சம். மீந்துபோன சினிமா நோட்டீசுகளின் முதுகில் படத்தை அச்சிட்டுத் தருவதாகக் கிழவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எழுத்து என்றதும் கையை உதறினார். “படம்னா போடறேன் மியான். பேச்சு நக்கோ. பேச்சுக்கு லைசன்ஸ் வேணும்.”

ஆகவே புத்தகம் வாய் திறக்காமல் பிறந்தது. எல்லார் வாயிலிருந்தும் பலூன் மாதிரி ஒரு வட்டம் கிளம்பும். வட்டத்துக்குள் ஒன்றும் இராது. வார்னிஷுக்கு இது குறையாகவே படவில்லை. “வாங்கறவன் இன்னா பாஷைன்னு கேட்டு அங்கியே எழுதித் தந்துடலாம். இன்னா பேசணும்னும் அவனே சொல்லட்டும்” என்றார்.

விற்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், காச்சிகுடாவில் ஒரு பயாஸ்கோப் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தகரக் கிடங்கு. சண்டைப்பட ரசிகர்கள் அங்கே ஆண்டுக்கொரு முறை கூடுவார்கள். அனுமதி வாங்காமல் கூட்டம் போட முடியாத காலம். இவர்கள் வாங்கியிருந்த அனுமதி தேநீர் விருந்துக்கு. புத்தகம் விற்க அல்ல. பிடித்தால் சிறை. சிறைக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் ரயில்வே குவார்ட்டர்ஸ் போகும். என் வீட்டில் என்னையும் சேர்த்து ஏழு வாய். வரமாட்டேன் என்று தீர்மானமாகச் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்கெல்லாம் விடுமுறை நாளில், மைப்புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். வார்னிஷிடம் தீர்மானங்கள் செல்லாது.

உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல எண்ணினேன். கதவு ஒன்று. ஜன்னல் இல்லை. முகமூடிகள் முப்பத்தெட்டு. தோளில் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டவர்கள் பதினொருவர். தகரக் கத்தி ஒன்பது. சவுக்குக்குப் பதில் கிணற்றுக்கயிறு கொண்டுவந்தவர் ஒருவர். படத்தின் முடிவில் குற்றவாளியைப் பிடிக்க வருவாரே, அந்த இன்ஸ்பெக்டர் வேஷத்தில் காக்கி போட்டவர்கள் நால்வர். அந்த நான்கு காக்கிகளை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு வளையல் வியாபாரி, தன் மாமியார் பேசுவதையெல்லாம் ராஜாவைப் பேசவைத்தார். ஒரு பல் வைத்தியர், ராஜாவுக்குக் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று உருதுவில் எழுதச் சொல்லி, தம் கடை விலாசத்தையும் சேர்க்கச் சொன்னார். வார்னிஷ் சிரித்துக்கொண்டே எழுதினார். அவருடைய கை ஒரு நூல்கூட நடுங்கவில்லை. என் கையிலிருந்த மைதான் தளும்பிக்கொண்டிருந்தது.

அப்போது முகமூடி போட்ட ஒரு காலேஜ் மாணவன் குனிந்து, கடைசிக் கட்டத்தைக் காட்டி மெல்லச் சொன்னான். தெலுங்கில் எழுத வேண்டுமாம். ராஜா சொல்ல வேண்டியது: ‘நான் இந்த நாட்டை ஜனங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.’

“அண்ணே, வேண்டாம்” என்றேன்.

“வாங்கறவன் சொல்றான், ராஜா பேசறான். உனக்கின்னா?” என்று வார்னிஷ் பிரஷ்ஷை நனைத்தார். ‘நான் இந்த’ என்பது வரை எழுதியிருப்பார். நான் கதவுப் பக்கம் பார்த்து, காக்கிகளை மறுபடி எண்ணினேன்.

ஐந்து.

ஐந்தாவது காக்கி நேராக எங்களிடம் வந்தது. மாணவன் படுக்கை விரிப்புக்காரர்களுக்கு நடுவே கரைந்துவிட்டான். வார்னிஷ் நிமிர்ந்து பார்த்து, வந்தவரின் மார்பில் இருந்த பில்லையைத் தொட்டார்.

“வேஷம் ஷோக்கா கீது சாப். எழுத்துதான் தேஞ்சு கெடக்கு. இப்டி குடுங்க, புச்சா எழுதித் தரேன். காசு வாணாம்.”

“இது வேஷமில்லை” என்றார் வந்தவர். அந்தப் பேட்டையின் அமீன் அவர். போலீஸ் இன்ஸ்பெக்டரை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

கிடங்கில் முகமூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அமீன் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். பல வருஷம் வேலூரில் இருந்த மனிதராம், தக்கணி உருது கலந்த தமிழில் கேட்டார்.

“இதெல்லாம் காலி. கைக்கூ, ஏன்? என்ன இருந்துச்சு? எதை அழிச்சே?”

“ஒண்ணும் அழிக்கல சாப். ராஜா இன்னும் பேசல.”

“இங்கே பேசியிருக்காரே. ‘நான் இந்த’... அப்புறம்? சொல்லவச்சது யாரு?”

வார்னிஷ் பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்தார். அமீன் என் பக்கம் திரும்பினார். “மை பிடிச்சிட்டு நிக்கறானே, இவன் யாரு? உன் ஆளா?”

குவார்ட்டர்ஸ் வாசலில் சட்டிபானைகளை இறக்கிவைப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“இவனா?” என்றார் வார்னிஷ். என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருன்னே தெரியாது சாப். சும்மா வேடிக்கை பாக்க வந்தவன். புட்டியப் புடின்னேன், புடிச்சான். இதுவரிக்கும் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல.”

“தெரியாத ஆளா? அப்ப அவன் ஏன் அழறான்?”

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“அத்த இன்னான்னு சொல்றது சாப்! இவன் சுபாவமே அதான். ஆபீஸ்ல பல்லி விழுந்தாக்கூட இப்டித்தான்...” என்று சொல்லிவிட்டு வார்னிஷ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அமீன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“வாங்கறவன் சொல்றதைத்தானே ராஜா பேசுவாரு?”

“ஆமா சாப்.”

“அப்ப எழுது. ‘நான் இந்த அமீனுக்கு மூணு மாசம் ரஜா கொடுக்கறேன்.’ கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. ராஜாவாவது சொல்லட்டும்.”

வார்னிஷ் எழுதினார். அமீன் அதை ஊதி உலர்த்தி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சம் இருந்த புத்தகம் அத்தனையையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டார். “இது எதையும் நான் பார்க்கல. இனிமே யாரும் பார்க்கக்கூடாது. தேநீர் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹுசைன்சாகர் குளத்துக் கரை மேல் சிகந்தராபாத்துக்கு நடந்து திரும்பினோம். உயிர் திரும்பி வந்ததும் எனக்குக் கோபமும் வந்தது.

“அவ்வளவு பேருக்கு முன்னால என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே அண்ணே! கொஞ்சங்கூட யோசிக்காம!”

“யோசிக்காமலா?” வார்னிஷ் நின்றுவிட்டார். “உன்னை இட்டாரணும்னு நெனச்சதுலேர்ந்து அத்தத்தானே சொல்லிப் பாத்துக்கினு கீறேன். பட்டறைல, ஏணி மேல, வூட்ல கண்ணாடிக்கு முன்னால. அமீன் வந்தா உன் பேரு எங்கியாவது வாய்ல வந்துடப் போவுதேன்னுதான் ராப்பகலா பயம். கடைசீல அந்தப் பல்லி வந்து கெடுத்துச்சு.”

சொல்லும்போது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளத்துக் காற்று என்று சொல்லிக் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று காற்றே இல்லை.

அதன் பிறகு எத்தனையோ பேர் என்னை நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுப் படியேறியிருக்கிறார்கள். தெரியவே தெரியாது என்று சாதித்த அந்த மனிதரைப் போல என்னைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்களில் ஒருவருமில்லை.